குளிர்காலத்தில் ஒரு பேஸ்பால் வீரரை எடைபோடுவது எப்படி

அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் முடிந்து அடுத்த பருவத்தின் முதல் பந்து எறியப்பட ஐந்து மாதம் ஆகும். நான் வசிக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் அந்த ஐந்து மாதமும் வாசல் பனியை அள்ளியபடி பேசப்படுவது ஒரே விஷயம்தான். எங்கள் பேஸ்பால் அணி பாஸ்டன் ரெட் சாக்ஸ் யாரை அனுப்பப் போகிறது, யாரைக் கொண்டுவரப் போகிறது, பணத்தை ஏன் இப்படி இறுக்கிப் பிடிக்கிறது?

ஒரு தொழிற்சாலையின் சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற தபால்காரர், சிறு வயது முதல் ரெட் சாக்ஸ் ரசிகர். 2020 பிப்ரவரியில் ரெட் சாக்ஸ் தன் நட்சத்திர வீரர் மூக்கி பெட்ஸை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு அனுப்பிய செய்தி வந்த மாலை அவர் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, "இதற்கு என்ன கணக்கு இருக்க முடியும்? சொல்லு" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. அன்று ஆரம்பித்ததுதான் என் நோட்டுப்புத்தகம். அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தை எப்படி நிரப்புவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. கைமாறும் வீரர்களின் மருத்துவப் பரிசோதனை முடியும்வரை பேனாவைத் தொடாதீர்கள். பெட்ஸ் பரிமாற்றம் முதலில் மூன்று அணிகளுக்கு இடையிலானது. மினசோட்டா அணியின் இளம் பந்து எறியாளர் புருஸ்டார் கிராட்டரோல் பாஸ்டனுக்கு வருவதாக இருந்தது. அவருடைய மருத்துவ அறிக்கையைப் பார்த்த பாஸ்டன் பின்வாங்கியது. சில நாள் கழித்து எல்லாம் வேறு வடிவில் முடிந்தது, கிராட்டரோல் டாட்ஜர்ஸுக்கே போனார். முதல் நாளே வரிந்துகட்டி வாதாடியவர்கள் நடக்காத ஒன்றுக்காக வாதாடினார்கள்.

பக்கத்தின் மேலே வீரரின் பெயர், வயது. அதன் கீழே, மிக முக்கியமானதாக, அணிக்கு அவர் மீது இன்னும் எத்தனை ஆண்டு உரிமை இருக்கிறது என்று எழுதுங்கள். ரசிகர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். "இவன் அவனைவிடச் சிறந்த ஆட்டக்காரன்" என்று தொடங்கும் வாதம் பாதி வாதம். பரிமாற்றத்தில் கைமாறுவது ஒரு ஆள் மட்டுமல்ல, அவருடைய எதிர்வரும் ஆண்டுகளும் அந்த ஆண்டுகளின் சம்பளமும்தான்.

உரிமையைக் கணக்கிடும் முறை இது. உச்சநிலைப் போட்டியான மேஜர் லீக்கின் பட்டியலில் 172 நாள் இருந்தால் ஓராண்டு பணி. ஆறு ஆண்டு நிறைந்தால் வீரர் ஃப்ரீ ஏஜென்ட். எந்த அணியோடும் பேசலாம். முதல் மூன்று ஆண்டு சம்பளம் பெரும்பாலும் குறைந்தபட்சத்தை ஒட்டியே இருக்கும். 2025-ல் அது 7.6 லட்சம் டாலர். அடுத்த மூன்று ஆண்டு ஆர்பிட்ரேஷன் காலம்: அணியும் வீரரும் ஆளுக்கொரு தொகை சொல்வார்கள், ஒத்துப்போகவில்லை என்றால் நடுவர் குழு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். இடையில் ஒரு தொகையை அவர்கள் சொல்ல முடியாது. இரண்டு ஆண்டு தாண்டிய சிலருக்கு இந்த வாய்ப்பு ஓராண்டு முன்னதாகவே கிடைக்கும்.

அந்த 172 என்ற எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 2015-ல் சிகாகோ கப்ஸ் அணி தன் இளம் வீரர் கிரிஸ் பிரையன்டை ஏப்ரல் 17 அன்றுதான் கீழ்நிலை மைனர் லீக்கிலிருந்து மேலே அழைத்தது. பருவம் முடிந்தபோது அவர் கணக்கில் 171 நாள். அந்த ஒரு நாள் குறைவால் அணிக்கு இன்னொரு முழு ஆண்டு கிடைத்தது. அவர் முறையிட்டார்; 2020-ல் தோற்றார். சம்பளப் பட்டியல் போடுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு நாளுக்கு இவ்வளவு விலை வைத்த வேறு தொழிலை நான் பார்த்ததில்லை. அது எனக்கு இன்றும் கோபமூட்டுகிறது.

அடுத்த கட்டத்தில் வெற்றிகள். ஒரு வீரரின் ஆட்டத்தை 'வார்' (WAR) என்ற ஒரே எண்ணில் அடக்குவார்கள். எளிதில் கிடைக்கும் ஒரு மாற்று ஆளை அந்த இடத்தில் நிறுத்துவதைவிட இவரால் அணிக்கு எத்தனை வெற்றி கூடுதல் என்பதே அதன் பொருள். மாற்று ஆட்களை மட்டுமே வைத்து ஆடினால் 162 ஆட்டங்களில் ஏறத்தாழ 48-ல் வெல்லலாம் என்பது அடிப்படை. நிலையாக ஆடும் சராசரி வீரருக்கு இரண்டு. எட்டைத் தாண்டினால் அவர் அந்த ஆண்டின் தலைசிறந்தவர்களில் ஒருவர். பேஸ்பால் ரெஃபரன்ஸ், ஃபேன்கிராஃப்ஸ் என்ற இரு புள்ளிவிவர இணையதளங்களும் இதை வெவ்வேறாகக் கணக்கிடுகின்றன. பந்து எறியாளர்களில்தான் வேறுபாடு அதிகம்: ஒன்று விட்டுக்கொடுத்த ரன்களைப் பார்க்கிறது, மற்றொன்று ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது), வாக் (நான்கு கெட்ட பந்துக்கு இலவசமாக முதல் பேஸ்), ஹோம் ரன் (மைதானத்துக்கு வெளியே போகும் அடி) மூன்றையும் பார்க்கிறது. இரண்டையும் எழுதுங்கள். ஒரு வெற்றி வித்தியாசத்தை வைத்துச் சண்டை போடாதீர்கள். கடந்த மூன்று ஆண்டுகளைப் பாருங்கள், அண்மை ஆண்டுக்குக் கூடுதல் எடை கொடுங்கள், முப்பது வயதைத் தாண்டியவருக்கு ஆண்டுக்கு அரை வெற்றி கழியுங்கள்.

இனி விலை. வெளிச்சந்தையில் ஒரு வெற்றிக்கு 80 லட்சம் டாலர் என்று நான் போட்டுக்கொள்கிறேன். இது உத்தேசம்தான், ஆனால் எல்லாப் பக்கத்திலும் ஒரே அளவுகோல் இருந்தால் போதும். எதிர்பார்க்கும் வெற்றிகளை இதனால் பெருக்கி, தர வேண்டிய சம்பளத்தைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் அந்த வீரரின் பரிமாற்ற மதிப்பு.

பந்து எறியாளர் கேரட் குரோஷேயின் பக்கம் நல்ல பாடம். 2024-ல் 121 ஆட்டங்களில் தோற்ற சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியில் 146 இன்னிங்ஸில் 209 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தவர். டிசம்பரில் பாஸ்டன் அவரை வாங்கியபோது இரண்டு ஆண்டு உரிமை மீதம். முதல் ஆண்டின் சம்பளம் வெறும் 38 லட்சம் டாலர். ஆண்டுக்கு நான்கு வெற்றி என்றால் இரண்டு ஆண்டுக்கு 6.4 கோடி. இரண்டாம் ஆண்டுக்கு ஒரு கோடி சம்பளம் என்று தாராளமாக வைத்தாலும் ஐந்து கோடிக்குமேல் மிச்சம். அதற்கு ஈடாகக் கைல் டீல், பிரேடன் மாண்ட்கமரி, சேஸ் மைட்ரோத், விக்கல்மன் கொன்சாலஸ் என நான்கு இளைஞர்கள் போனார்கள். இதில் மைட்ரோத்தை நான் ரெட் சாக்ஸின் மைனர் லீக் அணி ஆடும் எங்கள் ஊர் போலார் பார்க் மைதானத்தில், மூன்றாம் பேஸ் பக்கத்து இருக்கையிலிருந்து, அந்தக் கோடை முழுவதும் பார்த்திருக்கிறேன். கெட்ட பந்துக்கு மட்டையை அசைக்காத பொறுமைசாலி. போனது வலித்தது. ஆனாலும் பக்கத்தின் அடியில் "நல்ல பேரம்" என்று எழுதினேன், இளைஞர்களின் மதிப்பைப் பாதியாகத் தள்ளி எழுதுவது என் வழக்கம் என்பதால். மைனர் லீக்கில் ஜொலிப்பவர்களில் பெரும்பாலோர் மேலே வந்து நிலைப்பதில்லை. 2025-ல் குரோஷே 18 ஆட்டங்களில் வென்றார், 255 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார். அதற்குள் ஆறு ஆண்டுக்கு 17 கோடி டாலர் ஒப்பந்தமும் போட்டுக்கொண்டார்கள்.

அணியின் மொத்தச் சம்பளத்துக்கு இரண்டு கணக்கு உண்டு, இரண்டையும் குழப்பாதீர்கள். கையிலிருந்து இந்த ஆண்டு போகும் பணம் ஒன்று. ஆடம்பர வரிக்காக, அதாவது சம்பளம் ஒரு கோட்டைத் தாண்டினால் அணி கட்டும் வரிக்காக, பார்க்கப்படும் தொகை மற்றொன்று. அதில் ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரிதான் சேரும். டாட்ஜர்ஸின் ஷோஹெய் ஓதானி பத்து ஆண்டுக்கு 70 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். அதில் 68 கோடியைப் பின்னால் வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டதால் ஆண்டுக்குக் கையில் 20 லட்சம்தான். வரிக் கணக்கிலோ, பின்னால் வரும் பணத்தின் இன்றைய மதிப்பையே எடுப்பதால், அது ஆண்டுக்கு ஏறத்தாழ 4.6 கோடி. பேஸ்பாலில் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பே கிடையாது, வரிக்கோடு மட்டும்தான். 2025-ல் அது 24.1 கோடி, 2026-ல் 24.4 கோடி. முதல் முறை தாண்டினால் மிகுதித் தொகைக்கு மட்டும் 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாம் ஆண்டு 30, மூன்றாம் ஆண்டிலிருந்து 50. வரிக்கோட்டை மிக அதிகமாகத் தாண்டினால் கூடுதல் அபராதம் தனி. ஓராண்டு கோட்டுக்குக் கீழே வந்துவிட்டால் மறுபடி 20-லிருந்து ஆரம்பம். "இவரைக் கட்டுப்படியாகாது" என்று யாராவது சொன்னால், எவ்வளவு தாண்டும், வரி எவ்வளவு என்று எண்ணைக் கேளுங்கள். எண் இல்லாத "கட்டுப்படியாகாது" வெறும் விருப்பமின்மை.

இப்போது பெட்ஸ் பக்கம். ஓராண்டு உரிமை, 2.7 கோடி சம்பளம். ஆறு வெற்றி என்று வைத்தால் மிச்சம் 2.1 கோடி. அவரோடு பந்து எறியாளர் டேவிட் பிரைஸும் போனார்; மூன்று ஆண்டில் அவருக்குத் தர வேண்டிய 9.6 கோடியில் பாதியைப் பாஸ்டன் ஏற்றது. வந்தவர்கள் அலெக்ஸ் வெர்டுகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். வெர்டுகோ ஒருவர் மீதே ஐந்து ஆண்டு உரிமை இருந்தது. இதை எழுதி முடித்தபோது எனக்கே அதிர்ச்சி. என் அளவுகோலின்படி அது கேவலமான பேரம் அல்ல.

அதனால்தான் ஒரு கட்டத்தைச் சேர்த்தேன்: "மிச்சப்படுத்திய பணம் எங்கே போனது?" 2018-ல் 108 ஆட்டங்களில் வென்று கோப்பையும் தூக்கிய பாஸ்டன் அணி அந்த ஆண்டு கட்டிய வரி 1.2 கோடி டாலர் அளவில். மேஜர் லீக்கின் இரு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் அந்த ஆண்டின் சிறந்த வீரர் பெட்ஸ். 2020 ஜூலையில் டாட்ஜர்ஸ் அவரோடு 12 ஆண்டுக்கு 36.5 கோடி ஒப்பந்தம் போட்டது, அக்டோபரில் கோப்பையை வென்றது. பாஸ்டன் 2020, 2022, 2023 மூன்று பருவங்களிலும் தன் பிரிவில் கடைசி. பரிமாற்றத்தின் விலை சரியாக இருந்திருக்கலாம். ஆனால் அப்படி ஒருவரை விற்கும் நிலைக்குத் தங்களைக் கொண்டுபோனதே தவறு. இரண்டும் வேறு வேறு வாதம். வாதாடும்போது பிரித்துச் சொல்லுங்கள்.

கடைசி வேலை, பக்கத்தில் தேதி போடுவது. உங்கள் தீர்ப்பை அன்றே எழுதுங்கள், பிறகு திருத்தாதீர்கள். மூன்று குளிர்காலம் கழித்து அதே பக்கத்தை வேறு மையில் மதிப்பிடுங்கள். 2023 டிசம்பரில் பாஸ்டன் தன் பந்து எறியாளர் கிறிஸ் சேலை, 1.7 கோடி டாலரும் கொடுத்து, அட்லாண்டா பிரேவ்ஸுக்கு அனுப்பிவிட்டு வான் கிரிஸம் என்ற இளம் இரண்டாம் பேஸ்காரரை வாங்கியபோது "மிக நல்ல பேரம்" என்று எழுதினேன். சேலுக்கு 34 வயது, ஆண்டுக்கணக்கில் காயம். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆகஸ்டில் திரும்பி வந்தபின் அவன் எறிந்ததைப் பார்த்தாயா? கை சரியாகிவிட்டது" என்றார். நான் மூன்றாண்டுச் சராசரியைக் காட்டினேன். 2024-ல் சேல் 18 ஆட்டங்களில் வென்றார், 2.38 ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரி), 225 ஸ்ட்ரைக்அவுட், மற்றொரு பாதியான நேஷனல் லீக்கின் சிறந்த பந்து எறியாளருக்கான சை யங் விருது. கிரிஸம் 31 ஆட்டங்களில் .190 அடித்தார், அதாவது நூறு முயற்சிக்கு 19 ஹிட் என்ற விகிதம்.

அன்று முதல் ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரம் இரண்டு அங்குலம் அகலமாக விட்டிருக்கிறேன். காயத்திலிருந்து மீண்டவர் என்றால், கடைசி ஐந்து ஆட்டங்களைக் கண்ணால் பார்த்தபின் அங்கே எழுத வேண்டும். அந்த ஓரத்தை நிரப்புவது பெரியவர்தான், பச்சை மையில்.