கடைவீட்டுச் செங்கல் சுவர்: ஈரமும் சரியான கொத்தனாரும்

சிங்கப்பூர் தேக்கா பக்கம் பழைய கடைவீடு, கீழே கடை, மேலே வீடு. பக்கத்துக் கட்டடத்தோடு பகிரும் தரைத்தளப் பொதுச்சுவரில் பெயிண்ட் கொப்புளித்து உரிந்தது. அடியில் வெள்ளை உப்புப்பொடி. முதல் ஒப்பந்தக்காரர் நீர்காப்புப் பெயிண்ட் அடித்தார், ஆறே வாரத்தில் பெயர்ந்தது. அடுத்தவர் இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூசினார். ஈரம் அந்தப் பூச்சு முடியும் கோட்டுக்கு ஒரு சாண் மேலே போய் நின்றது. துப்பு அதுதான், நான்தான் கவனிக்கவில்லை. மண்ணிலிருந்து ஏறும் நீர் சிமெண்ட் வழியே வெளியேற முடியாமல் மேலே ஏறியிருக்கிறது.

பிறகு தொலைபேசியிலேயே எல்லாக் கொத்தனார்களிடமும் ஒரே கேள்வி: "இந்தச் சுவருக்கு என்ன கலவை?" சிமெண்ட் என்றவர்களை விட்டுவிட்டேன். ஒரு பெரியவர் மட்டும், "செங்கல் இடுக்கைச் சாவியால கீறிப் பாருங்க தம்பி, மாவா உதிருதா?" என்றார். உதிர்ந்தது, அதாவது ஈரத்தை வெளியே விடும் சுண்ணாம்புக் காரை. வேலை அவருக்கே.

ஈரக்கோட்டுக்கு அரை மீட்டர் மேல்வரை சிமெண்டை உரித்து, இடுக்குகளை 20 மி.மீ. ஆழம் சுரண்டினார். உப்பை உலர்ந்த தூரிகையால் மட்டுமே தட்ட வேண்டும். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். ஆறு வாரம் காயவிட்டு, ஊறிய சுண்ணாம்பு 1, கரடுமுரடான மணல் 3 என்ற கலவையில் 10 மி.மீ. வீதம் இரண்டு பூச்சு. இடையில் ஒரு வாரம் ஈரச்சாக்கு தொங்கியது. விரைவில் உலர்ந்தால் வெடிக்கும். தரைக்கு 2 செ.மீ. மேலேயே பூச்சை நிறுத்தி, பூச்சின் மேல் சுண்ணாம்பு அடித்தார். ஈரம் ஏறுவது நிற்கவில்லை, ஆனால் சுவர் வழியே ஆவியாகிவிடுகிறது, பூச்சு உரியவில்லை.

பாதுகாக்கப்படும் கட்டடமென்றால், தொடங்குமுன் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகளைப் பார்த்துவிடுங்கள்.