கைக்கடிகாரம் வீட்டிலேயே இருக்கட்டும்: யாழ்ப்பாணத்தில் ஓடிப் பழகும் முறை

ஓடத் தொடங்க விரும்பும் பலர், சப்பாத்து வாங்குவதற்கு முன்னரே தூரத்தையும் வேகத்தையும் இதயத் துடிப்பையும் கணக்கிடும் கைக்கடிகாரத்தைத் தேடத் தொடங்கிவிடுகின்றனர். போட்டிக்காகப் பயிற்சி செய்பவருக்கு அது பயன்படலாம். யாழ்ப்பாணம் போன்ற சமதரையில் காலையில் அரைமணி நேரம் ஓடி மகிழ நினைப்பவருக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து. காலுக்குப் பொருந்தும் ஒரு சோடி சப்பாத்தும் தளர்வான பருத்திச் சட்டையும் போதுமானவை.

வேகத்தை மூச்சைக் கொண்டே அறியலாம். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரியானது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அதைக் குறைக்க வேண்டும். தனியே ஓடுபவர் தமக்குப் பாடமான ஒரு தேவாரத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். கடல்நீரேரியை அண்டிய ஈரப்பதமான காலைகளில் வியர்வை எளிதில் ஆவியாகாமல் உடல் சூடேறுவதால், நேற்று இலகுவாக இருந்த அதே வேகம் இன்று கடினமாகிவிடும். கடிகாரம் காட்டும் எண் இதைத் தளர்ச்சியாகக் காட்டும். மூச்சோ உள்ளதைச் சொல்லும்.

முதற்கிழமைகளில் வீதியோர மின்கம்பங்களை எண்ணிக்கொண்டு, இரண்டு கம்பங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை ஓடியும் அடுத்த இரண்டை நடந்தும் செல்லுங்கள். நடக்கும் பங்கு சிறிது சிறிதாகத் தானே குறைந்துவிடும். பாடசாலை மரதன் ஓட்டத்தில் முதல் திருப்பத்திலேயே களைத்து நின்றவர்களுள் பலர், ஓட்டம் தமக்கு ஒவ்வாது என்று அன்றே முடிவு செய்துவிட்டனர். அவர்களுக்கு ஒவ்வாமற்போனது தொடக்க வேகம் மட்டுமே.

எங்கே ஓடுவது என்பதில்தான் இவ்வூரின் வளம் இருக்கிறது. கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்ட ஒழுங்கைகளின் செம்மண், தார் வீதியை விட முழங்காலுக்கு இதமானது. ஆனால் மழைக்குப் பின் அது சப்பாத்தின் அடியில் அப்பிக்கொள்ளும். காரைநகர்க் கசூரினாக் கடற்கரையில் அலை நனைத்து இறுகிய மணலில் ஓடலாம். கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் போன வழியே திரும்பி வந்தால்தான் இரு கால்களுக்கும் சுமை ஒத்திருக்கும். உலர்ந்த மணல் கெண்டைக்காலை விரைவில் களைப்படையச் செய்யும்.

கடல்நீரேரியைக் கடக்கும் பண்ணைப் பாலத்து வீதியில் காற்றைக் கேட்டுத்தான் ஓட வேண்டும். அவ்வீதி நகரிலிருந்து தென்மேற்காகத் தீவுப் பக்கம் நீள்கிறது. சோளகம் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் போகும்போது காற்று முகத்தில் அடித்தாலும், களைத்துத் திரும்பும்போது அது முதுகைத் தள்ளிக்கொண்டு வரும். வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக் காலத்தில் நிலைமை தலைகீழ்: போகும்போது கால்கள் தாமாகப் பறப்பதாகத் தோன்றும், அந்த மகிழ்ச்சியில் தொலைதூரம் போனவர் திரும்பும் வழியில் எதிர்க்காற்றோடு போராட நேரும். ஆகவே வாடையில் பாதிக்கு மேல் பலம் மிஞ்சியிருக்கும்போதே திரும்பிவிடுங்கள்.

சூரியன் ஏறக்குறைய ஆறு மணிக்கு எழுவதால் அதற்குச் சற்று முன் புறப்படுவது நல்லது. இருள் பிரியாத நேரத்தில் வெள்ளைச் சட்டை அணிந்து, எதிரே வரும் வாகனங்களைக் காணும்படி வீதியின் வலப்பக்கமாக ஓடுங்கள். கட்டாக்காலி நாய்கள் குரைத்தால் ஓட்டத்தை நிறுத்தி, அவற்றின் கண்களை உற்றுப் பார்க்காமல் மெல்ல நடந்து கடக்க வேண்டும். விரைந்து ஓடினால் அவை துரத்தும். "என்ன தம்பி, விடியக்காலமை இவ்வளவு அவசரம்?" என்று படலையடியில் நின்று கேட்பவர்களுக்கு ஒரு புன்னகை போதும்.

தசையில் ஓரிரு நாள் இருக்கும் நோவு இயல்பானது. மூட்டில் ஓட ஓடக் கூடும் வலி ஓய்வு வேண்டும் என்பதன் அறிகுறி. நெஞ்சில் இறுக்கம் தோன்றினால் உடனே நின்று வைத்திய உதவியை நாட வேண்டும். ஓடி வந்தபின் தண்ணீரோ உப்பிட்ட மோரோ அருந்தலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒழுங்கைகளில் வெள்ளம் நின்று பள்ளங்களை மறைக்கும் என்பதால், அந்நாட்களில் தார் வீதியே பாதுகாப்பானது. இடி முழங்கும்போது பண்ணை வெளிப் பக்கம் போகவே கூடாது.