கரி பூசிய பானை ஓட்டில் ஈஸ்டை ஒட்ட வைக்கும் முறை

சுங்கான்கடை மண்பானை உடைந்தால் ஓட்டை எறிந்துவிடாதீர்கள். அதன்மேல் கரியைப் படியவைத்து ஈஸ்டை ஒட்டினால், சீனியை உடைக்க அதே ஈஸ்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். வெறும் கரித்தூள் கரைசல் ஓடும் குழாயை அடைத்துவிடும், ஓடு அடைக்காது.

ஓட்டை மிளகு அளவுக்கு உடைத்துச் சலித்து, கொதிநீரில் அலசிக் காயவையுங்கள். 100 மில்லி நீருக்கு 20 கிராம் சீனி கரைத்து, ஓட்டை இரவு முழுக்க ஊறவிடுங்கள். வடித்து, ஓவனில் 80 டிகிரியில் உலர்த்துங்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் குமரி மாவட்டத்தில் வெயிலை நம்பினால் பிசுபிசுப்பு போகாது.

அடுத்து கரியாக்குவது. நான் மூன்று முறை தோற்றது இங்கேதான். மூடிய மூசையில் (சூடு தாங்கும் கிண்ணம்) வைத்து, மஃபிள் உலையில் (ஆய்வகத்தின் அதிவெப்ப உலை) 600 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டும் ஓடு சிவப்பாகவே வந்தது. மூடி இடுக்கில் நுழைந்த காற்றில் கரி முழுதும் எரிந்திருந்தது. அப்புறம் ஓட்டின்மேல் இரண்டு விரல் கனத்துக்குச் சிரட்டைக்கரித் தூளை நிரப்பினேன். உள்ளே வரும் ஆக்சிஜனை அந்தத் தூளே எரிந்து தீர்த்துவிடுகிறது. உலை நன்றாக ஆறும்வரை மூடியைத் திறக்காதீர்கள், சூட்டோடு திறந்தாலும் கரி எரியும். புகைபோக்கி இல்லாத அறையில் இதைச் செய்யவே வேண்டாம்.

தூளைச் சலித்து நீக்கி, நீரில் கறுப்பு வருவது நிற்கும்வரை கழுவுங்கள். 5 கிராம் உலர் ஈஸ்டை 100 மில்லி வெதுவெதுப்பான நீரில் கரைத்து, 20 கிராம் ஓட்டை 4 மணி நேரம் ஊறவிடுங்கள். கலக்கி இயந்திரம் வேண்டாம், உரசி உரித்துவிடும். கையால் அவ்வப்போது அசைத்தால் போதும். பிறகு 0.9 சதவீத உப்புநீரில் கழுவுங்கள்.

விலை உயர்ந்த ஆக்டிவேட்டட் கார்பன் (நுண்துளைக் கரி) தேவையே இல்லை. அதன் துளைகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறுகியவை. ஈஸ்ட் செல்லோ ஏறக்குறைய 5,000 நானோமீட்டர். அதற்குச் சொரசொரப்பான மேற்பரப்புதான் வேண்டும். சீனியை உடைக்கும் ஈஸ்டின் இன்வர்டேஸ் நொதி கரியில் ஒட்டிய பிறகும் வேலை செய்வதை 1916-லேயே நெல்சன், கிரிஃபின் என்ற வேதியியலாளர்கள் காட்டிவிட்டார்கள்.

சோதனைக்கு, ஓட்டை 10 சதவீதச் சீனிக் கரைசலில் அரை மணி நேரம் வைத்து, அந்தக் கரைசலைப் பெனடிக்ட் கரைசலோடு (குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் இருந்தால் நிறம் மாறும் நீலக் கரைசல்) சூடாக்குங்கள். நீலம் செங்கல் நிறமானால் சீனி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைந்திருக்கிறது.

பின்சேர்க்கை: "உடைத்தது ஓட்டில் இருக்கும் ஈஸ்டா, உதிர்ந்த ஈஸ்டா?" என்று ஒரு மாணவி கேட்டிருந்தார். மிகச் சரியான கேள்வி. கடைசியாகக் கழுவிய நீரிலும் சீனி கலந்து இதே சோதனையைச் செய்யுங்கள். எனக்கு நான்காவது கழுவலில் பச்சை தட்டியது, அதாவது ஈஸ்ட் இன்னும் கொஞ்சம் உதிர்ந்துகொண்டிருந்தது; ஏழாவதில்தான் நீலம் மாறாமல் நின்றது.

இன்னொருவருக்கு ஈஸ்ட் சேர்க்காமலே நிறம் மாறியதாம். அவர் எடுத்தது கருப்பட்டி. அதில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஏற்கெனவே கொஞ்சம் உண்டு. சோதனைக்கு வெள்ளைச் சீனியையே எடுங்கள்.