அடைத்து வளர்க்கும் கோழிக்குத் தீனி வைக்கும் முறை

தோட்டத்து லயத்தில் இருந்தபோது, கோழிக்குத் தீனி வைப்பது காலையில் கூட்டைத் திறந்து ஒரு பிடி அரிசியை இறைப்பதோடு முடிந்துவிடும். கரையான், புழு, புல், மணல் என்று மற்ற யாவற்றையும் அது பால் மரத்து நிழலில் தானே கிளறித் தேடிக்கொண்டது. இன்று மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில், தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீட்டின் பின்புறத்தில் நான்கைந்து கோழிகளைக் கம்பிவலைக்குள் அடைத்து வளர்க்கும் நாம், அதே ஒரு பிடி அரிசியை வைத்துவிட்டு, முட்டை குறைந்துவிட்டதே என்று வருந்துகிறோம். அடைப்பதில் தவறில்லை, செம்பனைக் காட்டில் எலிக்கு வைக்கும் நஞ்சையும், உடும்பையும், மூசாங் என்னும் மரநாயையும் நினைத்தால் அதுவே கோழிக்குப் பாதுகாப்பு. ஆனால் அது தன் அலகால் தேடியிருக்கக்கூடிய ஒவ்வொன்றையும் நம் கையால் கொண்டுவந்து வைக்கும் கடமை, கதவை அடைத்த அன்றே நமக்கு வந்துவிடுகிறது.

அடிப்படை உணவாக, முட்டைக் கோழிக்கென்று தயாரித்த கலப்புத் தீனியையே வைக்க வேண்டும். முட்டையிடும் ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 முதல் 120 கிராம் வரை தின்னும். உடல் சிறுத்த கம்பத்துக் கோழிக்குச் சற்றுக் குறைவாகவே போதும். தீனியில் புரதம் 16 முதல் 18 விழுக்காடு வரை இருக்க வேண்டும். அரிசியில் இருப்பதோ 7 விழுக்காட்டு அளவுதான். ஆகவே சோற்றையும் நொய்யையும் மட்டும் தின்னும் கோழி கொழுக்குமே தவிர, ஒழுங்காக முட்டையிடாது. கடையில் வெறுமனே 'டெடாக் ஆயாம்' (கோழித் தீனி) என்று கேட்டால் கறிக்கோழித் தீனி கைக்கு வந்துவிடக்கூடும் என்பதால், முட்டைக் கோழிக்கு உரியது என்று பையில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். இந்தத் தீனியைக் குஞ்சுகளுக்கோ, இன்னும் முட்டையிடத் தொடங்காத வெடைக்கோழிகளுக்கோ கொடுக்கக் கூடாது. இதில் உள்ள மிகுதியான சுண்ணாம்புச் சத்து அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

ஐந்து கோழிகளுக்கு நாளொன்றுக்கு 550 கிராம் என்று கணக்கிட்டால், 25 கிலோ பை ஒன்று நாற்பத்தைந்து நாள் வரும். நம் ஊர் ஈரக்காற்றில் பிரித்த தீனி அவ்வளவு நாள் தாங்குவது கடினம். அண்டை வீட்டாரோடு பங்கிட்டு வாங்குவதே நல்லது. பையைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகையின் மேல் வையுங்கள். அன்றாடம் எடுப்பதை மூடியுள்ள தோங்கில் (பீப்பாயில்) போட்டுக்கொள்ளுங்கள். பூஞ்சணம் பிடித்த தீனியில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஈரலைத் தாக்குவது. கழுவினாலும் காய வைத்தாலும் அது போகாது. கட்டி பிடித்து மக்கிய வாடை வீசும் தீனியை, எவ்வளவு பணம் கொடுத்து வாங்கியிருந்தாலும், குப்பையில் கொட்டிவிடுங்கள்.

ஒரு முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. உணவில் அது போதவில்லையென்றால், கோழி தன் எலும்பிலிருந்தே அதை எடுத்து முட்டைக்குக் கொடுக்கும். நான் கோழிகளை அடைத்து வளர்க்கத் தொடங்கிய முதல் ஆண்டில், ஓடில்லாத தோல்முட்டைகளைக் கண்டு நோய் என்று அஞ்சினேன். பசித்த எலும்பின் முறையீடு அது என்பது பிறகே புரிந்தது. உணவுக் கடைகளில் குவியும் கெராங் என்னும் சிப்பியின் ஓடுகள் இதற்கு நல்ல மருந்து. அவற்றை நன்றாகக் கழுவி, வெயிலில் காய வைத்து, பச்சைப்பயறு அளவுக்கு இடித்து, தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தீனியோடு கலக்க வேண்டாம். தேவைப்படும் கோழி தேவைப்படும் அளவுக்குத் தானே வந்து கொத்திக்கொள்ளும். முட்டை ஓட்டையும் இவ்வாறே கொடுக்கலாம். ஆனால் முட்டையின் வடிவம் தெரியாதபடி தூளாக்கிவிடுங்கள், இல்லையேல் கோழி தன் முட்டையையே உடைத்துத் தின்னப் பழகிவிடும்.

பல்லில்லாத கோழிக்கு அரைவைப்பையில் உள்ள சிறு கற்களே அரைக்கும் கல். கெராங் ஓடு வயிற்றில் கரைந்துவிடுவதால் இந்த வேலைக்கு உதவாது. ஆற்று மணலில் உள்ள சிறு கற்களைச் சலித்து இன்னொரு கிண்ணத்தில் வைக்க வேண்டும். கடல் மணலில் உப்பு இருக்கும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கீரையைத் தரையில் போட்டால் மிதித்து அழுக்காக்கிவிடும். கங்கோங், முருங்கைக் கீரை ஆகியவற்றைக் கயிற்றில் கட்டி, கோழியின் தலை உயரத்துக்குத் தொங்கவிட்டால், எட்டி எட்டிக் கொத்துவதே அதற்கு வேலையாகவும் அமைந்து, ஒன்றையொன்று இறகு கொத்தும் பழக்கம் குறையும். மரவள்ளி இலையைப் பச்சையாகக் கொடுக்க வேண்டாம். அதில் சயனைடு உண்டு.

வீட்டு மிச்சம் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. உப்பும் எண்ணெயும் மிகுந்த குழம்புச் சோறு, வேகாத பருப்பு வகைகள், அவகாடோ ஆகியவை அறவே வேண்டாம். நெத்திலித் தலையில் புரதம் உண்டு என்றாலும், நீரில் ஊறவைத்து உப்பைப் போக்கிய பிறகே சிறிது கொடுக்கலாம்.

ஓடு நீங்கலாக முட்டையில் முக்கால் பங்கு நீர்தான். ஒரு கோழி நாளொன்றுக்குக் கால் லிட்டர் குடிக்கும். வெயில் கொளுத்தும் நாளில் இது இரட்டிப்பாகும். தண்ணீர்ப் பாத்திரம் நிழலில் இருக்கட்டும். நடுப்பகலில் ஒருமுறை குளிர்ந்த நீரை மாற்றுங்கள். சூடான நேரத்தில் கோழி தின்னாது என்பதால், தீனியில் பெரும்பகுதியை விடியற்காலையிலும், மீதியை வெயில் தாழ்ந்த பிறகும் வையுங்கள். வலுத்த கோழி மெலிந்ததை விரட்டும் என்பதால், தீனிப் பாத்திரம் இரண்டு வேண்டும்.

இருட்டியதும், பரணில் ஏறி அமர்ந்த ஒவ்வொரு கோழியின் நெஞ்சின் வலப்புறத்தையும் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தீனிப்பை நிறைந்திருந்தால் அது வயிறாரத் தின்றிருக்கிறது. காலியாக இருந்தால் யாரோ அதை விரட்டுகிறார்கள், அல்லது அது நோயுற்றிருக்கிறது. மறுநாள் காலையில் அந்தப் பை காலியாக இருக்க வேண்டும். அப்போதும் கல் போல் இறுகியிருந்தால் தீனியை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.