பேக்கேஜில் இருக்கிறது என்பதற்காக பி.எஸ்.ஏ. எடுக்காதீர்கள்

லேபில் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மாஸ்டர் செக்கப் சீட்டில் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு வரிசையில் பி.எஸ்.ஏ.வும் இருக்கும். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருக்குமோ என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை அது. பெரியவர் கையை நீட்டுவார். எதற்கென்று அவருக்கும் தெரியாது, கூட வந்த மகனுக்கும் தெரியாது.

முதலில் வயதைப் பாருங்கள். அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2012-ல் இந்தப் பரிசோதனை வேண்டாம் என்றது. 2018-ல் மாற்றிக்கொண்டு, 55 முதல் 69 வரை டாக்டரிடம் பேசி அவரவரே முடிவு செய்யலாம், 70-க்கு மேல் வேண்டாம் என்றது. அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ புராஸ்டேட் புற்றுநோய் வந்திருந்தால் முன்னதாகவே டாக்டரிடம் பேசுங்கள். சிறுநீரில் ரத்தம் போகிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, நேரே யூராலஜிஸ்ட் என்கிற சிறுநீரியல் டாக்டர்தான்.

ஐரோப்பிய ஆய்வொன்று 23 ஆண்டு பின்தொடர்ந்து பார்த்ததில், 456 பேரைப் பரிசோதனைக்கு அழைத்தால் இந்தப் புற்றுநோயால் ஒரு சாவு தடுக்கப்படுகிறது. ஆனால் கடைசிவரை தொந்தரவே தந்திருக்காத கட்டியும் கண்ணில் படும். அதற்கு அறுவை செய்துகொண்டு, சிறுநீர்க் கசிவோடும் ஆண்மைக் குறைவோடும் அவதிப்படுகிறவர்கள் உண்டு. அதனால் ஊசி குத்தும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்: எண் கூடுதலாக வந்தால் அடுத்த கட்டத்துக்குப் போவேனா? எனக்குப் போகலாம் என்று தோன்றியது, எடுத்துக்கொண்டேன். அண்ணனுக்கு 74, இதய நோயும் உண்டு, வேண்டாம் என்றேன்.

எடுப்பது என்று முடிவானால், வெறும் வயிறு தேவையில்லை. இரண்டு நாள் சைக்கிளும் கடும் உடற்பயிற்சியும் தாம்பத்தியமும் வேண்டாம். சிறுநீர்த் தொற்று இருந்தால் குணமாகி ஆறு வாரம் போகட்டும். புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் ஃபினாஸ்டெரைடு, டூடாஸ்டெரைடு மாத்திரை சாப்பிடுகிறவர் கட்டாயம் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் எண் பாதியாகக் குறைந்து காட்டும். இதை லேபில் யாரும் கேட்க மாட்டார்கள்.

கூடுதலாக வந்தால்? எண் ஏறிய நான்கு பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்குப் புற்றுநோய் இருக்காது. புராஸ்டேட்டின் சாதாரண வீக்கமே எண்ணை ஏற்றிவிடும். சில வாரம் கழித்து மறுபடி எடுங்கள். அப்போதும் கூடுதலா, பயாப்ஸிக்கு (ஊசியால் துளி சதை எடுத்துப் பார்ப்பது) முன் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். வீரியம் குறைந்த கட்டி என்றால் உடனே கத்தி வேண்டியதில்லை, கண்காணித்தே வரலாமா என்று கேளுங்கள். பிரிட்டனில் நடந்த ஆய்வில் அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு மூன்றிலும் 15 ஆண்டில் இந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 3 சதவீதம்தான்.

அப்புறம், பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த முறையும் அதே லேபில் கொடுங்கள். லேபுக்கு லேப் எண் கொஞ்சம் மாறும்.