அரையாண்டு லீவுக்குக் கடலை மிட்டாய்: பதம் பார்க்கிற வேலை பிள்ளைகளுக்கு

அரையாண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், வெளியே ஏற்காட்டுக் குளிர், பக்கத்து வீட்டிலிருந்து கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டு எப்படியும் வரும், அதை வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் மனசு வராது. அதனால் கடலை மிட்டாய். பாகு என்றாலே பயப்படுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பதம் கண்டுபிடிக்கிற வேலையை உங்களைவிட உங்கள் பிள்ளைகள் நன்றாகச் செய்வார்கள்.

முதலில் வெல்லம். கடையில் பாகு வெல்லம் என்று கேட்டு வாங்குங்கள். ஓமலூர் பக்கம் வெல்லம் காய்ச்சுகிற ஊர்கள் நிறைய இருப்பதால் சேலத்துக்காரர்களுக்கு இதில் பஞ்சமே இல்லை, ஆனால் பளிச்சென்று மஞ்சளாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். வெளுப்பதற்கு ரசாயனமும், எடைக்குச் சீனியும் சேர்ப்பது நடக்கிற கதைதான். கொஞ்சம் கருத்த, அழுத்தமான பழுப்பு நிறம் போதும், மிட்டாய்க்கு அதுதான் அழகு.

நிலக்கடலை 250 கிராம், வெல்லம் 200 கிராம், தண்ணீர் கால் டம்ளர், சுக்குப் பொடி அரை ஸ்பூன், கொரகொரப்பாகத் தட்டிய மிளகு கால் ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, தடவ நெய். மிளகு என் சேர்க்கை. இங்கே காபித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களிலெல்லாம் மிளகுக் கொடி ஏறிக் கிடக்கும்போது ஏலக்காயைத் தேடிப் போவானேன்? சின்னப் பிள்ளைகளுக்குக் காரம் ஆகாது என்றால் விட்டுவிடுங்கள்.

கடலையை அடி கனமான வாணலியில், சிறு தீயில், கை விடாமல் வறுங்கள். தோல் வெடித்து, ஒன்றை ஆற வைத்துக் கடித்தால் மொறுமொறுவென்று இருக்க வேண்டும். பச்சை வாசம் துளி மிச்சமிருந்தாலும் மிட்டாய் சப்பென்று போகும். ஆறியதும் முறத்தில் கொட்டிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம். தேய்த்துத் தோலை நீக்கி, ஊதி, இரண்டாகப் பிளந்து, கருகியதைப் பொறுக்கிப் போடுவது முழுக்க அவர்கள் பொறுப்பு. இதை வாசலில் வைத்துச் செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பொங்கல் வரைக்கும் வீட்டில் தோல் பறக்கும்.

அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே ஒரு பெரிய தட்டின் பின்புறம், சப்பாத்திக் கட்டை, கத்தி மூன்றிலும் நெய் தடவி வையுங்கள். பாகு வந்த பிறகு இதையெல்லாம் தேட நேரம் இருக்காது. ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீரும் வேண்டும்.

வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மிதமான தீயில் கொதிக்க விடுங்கள். நுரைத்துப் பொங்கி, பிறகு நுரை அடங்கிக் குமிழ்கள் சிறுக்கும். இப்போது நீங்கள் கரண்டி நுனியால் ஒரு சொட்டைக் கிண்ணத்தில் விட வேண்டும், அது ஆறியதும் பிள்ளை எடுத்துப் பார்க்க வேண்டும். முதலில் கரைந்து ஓடும். அடுத்து விரலில் உருளும், அழுத்தினால் நசுங்கும், அது அதிரசத்துக்கான பதம், நமக்கு ஆகாது. அப்புறம் கெட்டியாகும், ஆனால் கடித்தால் பல்லில் ஒட்டும். இங்கேதான் பலர் அவசரப்பட்டு இறக்கிவிடுகிறார்கள், மறுநாள் மிட்டாய் சவ்வு மாதிரி இழுக்கிறது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால், எடுத்த துண்டைத் தட்டில் போட டங்கென்று சத்தம் கேட்கும், ஒடித்தால் பட்டென்று ஒடியும். பிள்ளை அதை உறுதியாகச் சொல்கிற வரை இறக்காதீர்கள். அதன் பிறகு ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது, கசந்துவிடும்.

தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கலாமே என்பவர்களுக்கு ஒரு விஷயம். சீனிப் பாகு இப்படி ஒடிகிற பதத்துக்கு 150 டிகிரி செல்சியஸ் சுமாருக்கு வர வேண்டும் என்று போட்டிருப்பது கடல் மட்டத்துக் கணக்கு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், இங்கே தண்ணீரே ஏறக்குறைய 95 டிகிரியில் கொதித்துவிடும், அதற்கேற்பப் பாகுக் கணக்கும் 5 டிகிரி போலக் கீழே இறங்கும். எந்த மலையாக இருந்தாலும் கிண்ணத் தண்ணீர் பொய் சொல்லாது.

பதம் வந்ததும் தீயைக் குறைத்துச் சுக்கு, மிளகு, உப்பு, கடலை எல்லாவற்றையும் கொட்டி ஒரே கிளறு, உடனே தட்டில் கவிழ்த்துக் கட்டையால் தேய்த்து, சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு போடுங்கள். வாணலியிலேயே இறுகிவிட்டால் பதற வேண்டாம், சிறு தீயில் காட்டினால் இளகும்.

கொதிக்கிற பாகு பக்கம் பிள்ளைகள் வரவே கூடாது, இதில் செல்லம் கிடையாது. கொதிநீரைவிடச் சூடு, பட்டால் தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். யார் மேலாவது பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், பற்பசை, மாவு எதுவும் பூசாதீர்கள், பெரிய காயமென்றால் நேராக ஆஸ்பத்திரிதான். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு முழுக் கடலை தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு. தட்டு அனுப்புகிற வீட்டில் யாருக்காவது கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறியதும் கோட்டில் ஒடித்து, பட்டர் பேப்பரில் சுற்றி, இறுக்கமான டப்பாவில் போடுங்கள். சேலத்தில் ஒரு மணி நேரம் வெளியே கிடந்தாலும் ஒன்றும் ஆகாது, மலையில் பனி மூடிய நாளில் வெல்லம் ஈரத்தை இழுத்துக் கசிய ஆரம்பித்துவிடும். உதிர்ந்த தூளைக் கொட்டாதீர்கள், வாழைப்பழத் துண்டுகள் மேல் தூவினால் அன்றைய சாயங்காலப் பலகாரம் முடிந்தது.