ட்ரக் பழகும் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: இறங்கிப் பார்க்காமல் ஓட்டுவது

ஒன்ராறியோ மாகாணத்தில் ட்ரெய்லர் பூட்டிய பெரிய ட்ரக்கை ஓட்டுவதற்கு ‘ஏ’ வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். 2017 ஜூலை 1 முதல், அதற்கான சாலைத் தேர்வுக்குப் போகுமுன் குறைந்தது 103.5 மணிநேரப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும் என்பது விதி. கனடாவில் இப்படியொரு கட்டாயத்தை முதலில் கொண்டுவந்த மாகாணமும் இதுதான். ரொறன்ரோ, பிரம்டன், மிசிசாகா பகுதிகளில் வாழும் தமிழர்கள் பலர் இத்தொழிலுக்கு வருகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கும் கியர் மாற்றுவதற்கும்தான் அஞ்சுகிறார்கள். அவை இரண்டும் கை பழகப் பழக வந்துவிடும். வேலையைப் பறிப்பவையும், ட்ரெய்லரைக் கவிழ்ப்பவையும், சில வேளைகளில் உயிரையே குடிப்பவையுமான தவறுகள் பெரும்பாலும் வேறு இடத்தில் பிறக்கின்றன. இருக்கையை விட்டு இறங்கிப் பார்த்திருக்க வேண்டிய நேரத்தில் இறங்காமல் விடுவதே அந்த இடம்.

முதல் தவறு பயிற்சிப் பள்ளியிலேயே தொடங்கிவிடுகிறது. கட்டணம் குறைவு, தேர்வுக்கு விரைவாக அனுப்புகிறார்கள் என்பதற்காக ஒரு பள்ளியைத் தேர்ந்துகொண்டு, தாம் கற்காத மணிநேரங்களுக்கும் பதிவேட்டில் கையெழுத்து வைப்பவர், காசு கொடுத்து வாங்கியதைத் தாமே விட்டுக்கொடுக்கிறார். மூன்று மாணவர்கள் ஒரே வண்டியில் பின்னோக்கி எடுக்கப் பழகும்போது, முறை வராத இருவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவும் இதே இழப்புத்தான். வெளியே இறங்கி, பாதுகாப்பான தூரத்தில் நின்று, ஸ்டியரிங்கின் எந்தத் திருப்பத்துக்கு ட்ரெய்லரின் பின்சில்லுகள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்ப்பவர், உள்ளே உட்கார்ந்திருப்பவரை விடக் கூடுதலாகக் கற்பதுண்டு. தானியங்கி கியர் வண்டியில் தேர்வுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: 2022 முதல் ஒன்ராறியோவில் அப்படிப் பெறும் ‘ஏ’ அனுமதிப்பத்திரத்தில், கையால் கியர் மாற்றும் வண்டியை ஓட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு பதியப்படுகிறது.

புறப்படுமுன் செய்யும் பரிசோதனையைப் பலர் தேர்வாளரிடம் ஒப்பிக்கும் பாடமாகவே மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு முடிந்து வேலைக்குச் சேர்ந்தபின், ஜனவரிக் குளிரில், விடியுமுன் யார்டில் நிற்கும்போது, அந்தப் பாடம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி டயரை ஓர் உதை உதைப்பதாகச் சுருங்கிவிடுகிறது. பரிசோதனை என்றால் குறையைத் தேடுவது. சில்லின் நட்டிலிருந்து வெளிப்புறமாகத் துருக்கோடு வழிந்திருந்தால் அந்த நட்டு தளர்ந்திருக்கிறதோ என்று ஐயப்பட வேண்டும். சில்லின் நடுப்பகுதியான ஹப்பைச் சுற்றி எண்ணெய் ஈரமாக மின்னினால் சீல் கசிகிறது. எஞ்சினை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தால்தான் பிரேக்கை இயக்கும் காற்றுக் குழாயின் கசிவு கேட்கும். பிரேக் பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்துக் காற்றழுத்தத்தை இறக்கும்போது, 60 பி.எஸ்.ஐ. அளவை நெருங்குகையில் எச்சரிக்கை வர வேண்டும். வராவிட்டால் அந்த வண்டியை எடுக்கக்கூடாது. ஓடும் வண்டியிலிருந்து சில்லு கழன்று போனால், ‘கவனமாகத்தான் இருந்தோம்’ என்பதை ஒன்ராறியோ நீதிமன்றம் எதிர்வாதமாக ஏற்பதில்லை. உரிமையாளருக்கும் வண்டியை இயக்கும் நிறுவனத்துக்கும் தண்டம் 50,000 டொலர் வரை போகலாம். பரிசோதனைக்குச் செலவாகும் நேரத்தை, வேலையையும் ஓய்வையும் பதியும் மின்னணுப் பதிவுக் கருவியில் வேலை நேரமாகவே காட்டுங்கள். அதை ஓய்வு நேரத்துக்குள் ஒளித்துச் செய்யப் பழகியவர்கள் நாளடைவில் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

ட்ரெய்லரைப் பூட்டும்போது ஏற்படும் தவறைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சாரதிக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது. ட்ரெய்லரை இழுக்கும் முன்வண்டியான ட்ராக்டரின் பின்புறத்தில் கிரீஸ் பூசிய கனமான இரும்புத் தட்டு இருக்கிறது. அதுதான் ஃபிஃப்த் வீல். ட்ரெய்லரின் அடியிலிருந்து கிங்பின் என்னும் இரும்பு முளை கீழ்நோக்கித் தொங்குகிறது. பின்னோக்கிப் போகும்போது தட்டு ட்ரெய்லரின் அடிப்பாகத்தைத் தொட்டு அதைச் சற்றே தூக்க வேண்டும். அந்த உயரத்தில்தான் கிங்பின் தட்டின் பிளவுக்குள் நுழைந்து, உள்ளிருக்கும் தாடைகள் அதன் தண்டைச் சுற்றி மூடும். ட்ரெய்லர் கூடுதல் உயரத்தில் நின்றால், கிங்பின் தாடைகளுக்குள் சரியாக இறங்காமல் மேலேயே மாட்டிக்கொள்ளலாம். அந்த நிலையிலும், ட்ராக்டரை மெல்ல முன்னே இழுத்துப் பார்க்கும் சோதனையில் ட்ரெய்லர் பிடித்து நிற்பதுண்டு. புதியவர் அதை நம்பிப் புறப்படுகிறார். ஏதோ ஒரு மேடுபள்ளத்திலோ சந்தியிலோ ட்ரெய்லர் கழன்று மூக்குக்குப்புற விழுகிறது.

ஆகவே, பின்னோக்கி நுழைவதற்கு முன்னரே ஒருமுறை நிறுத்தி, இறங்கி, தட்டின் உயரத்தையும் ட்ரெய்லரின் உயரத்தையும் ஒப்பிட வேண்டும். பூட்டி இழுத்துப் பார்த்தபின், ட்ரெய்லரின் முன்கால்களைத் தூக்குவதற்கு முன், டார்ச் விளக்குடன் அடியில் குனிந்து பார்க்க வேண்டும். தட்டுக்கும் ட்ரெய்லருக்கும் இடையே மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தால் பூட்டுச் சரியில்லை. பின்பக்கமிருந்து விளக்கை அடித்தால் தாடைகள் கிங்பின்னைச் சுற்றி மூடியிருப்பது தெரியும்; விடுவிக்கும் கைப்பிடியும் முழுவதும் உள்ளே போயிருக்க வேண்டும். இந்த மூன்றையும் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. கழற்றும்போது வரும் தவறு வேறு: முன்கால்களை இறக்காமலே கைப்பிடியை இழுத்துவிடுவது, அல்லது காற்றுக் குழாய்களைக் கழற்றாமல் ட்ராக்டரை நகர்த்துவது. கோடை வெயிலில் இளகிய தாரிலோ மண் தரையிலோ நிறுத்தினால் கால்களுக்கு அடியில் தடித்த பலகை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சரக்கோடு நிற்கும் ட்ரெய்லர் மெல்லத் தரையில் புதையும்.

பின்னோக்கி எடுப்பதில் ஸ்டியரிங்கை எதிர்ப்புறம் திருப்ப வேண்டும் என்பது எல்லோருக்கும் சொல்லித்தரப்படுகிறது. ஆனால் அதிகமாகத் திருப்பிவிட்டு, அதைச் சரிசெய்ய மறுபக்கம் இன்னும் அதிகமாகத் திருப்பி, முடிவில் வண்டி கோணல்மாணலாக நிற்கும்போது, அதிலிருந்தே மேலும் முயல்வதுதான் வழக்கமான பிழை. முன்னே இழுத்து, நேராக்கி, மறுபடி தொடங்குவதில் எந்த இழிவும் இல்லை. பயணி இருக்கைப் பக்கமாகத் திருப்ப நேர்ந்தால் ட்ரெய்லரின் பின்மூலை கண்ணாடியில் தெரியாது. அங்கே இறங்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. இதற்குத் தடையாக இருப்பது கூச்சம். சரக்கு ஏற்றி இறக்கும் டாக்கில் காத்திருக்கும் மற்றச் சாரதிகள் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம் ஒன்று. நம்மவர்களிடையே இன்னொன்றும் உண்டு: பயிற்றுநரை ‘அண்ணை’ என்று அழைத்து, அவர் ‘வரட்டும், வரட்டும்’ என்று சொல்லும்போது, ‘பொறுங்கோ அண்ணை, நான் ஒருக்கா இறங்கிப் பார்க்கிறன்’ என்று சொல்வதை மரியாதைக் குறைவாக எண்ணிவிடுகிறோம். நல்ல பயிற்றுநர் அந்தச் சொல்லைக் கேட்கத்தான் காத்திருக்கிறார். இறங்குமுன் மஞ்சள், சிவப்பு என்ற இரண்டு குமிழ்களையும் இழுத்துப் பார்க்கிங் பிரேக்கைப் போட வேண்டும். இறங்கும்போது குதிக்கக்கூடாது, முகம் வண்டியை நோக்கியிருக்க, கைகால்கள் நான்கில் மூன்று எப்போதும் பிடிமானத்தில் இருக்க வேண்டும். உறைபனி படிந்த படியிலிருந்து குதித்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டால் பல மாத வருமானம் போய்விடும்.

வலப்பக்கம் திரும்பும்போது 53 அடி ட்ரெய்லரின் பின்சில்லுகள் ட்ராக்டரின் பாதையில் வராமல் உள்பக்கமாக வெட்டி வரும். அதற்கு அஞ்சி, திரும்புமுன்பே வண்டியை இடப்பக்கம் அகல விரித்தால், வலப்பக்கத்தில் திறக்கும் இடைவெளிக்குள் பின்னால் வரும் கார் புகுந்துவிடும். ட்ரெய்லரின் பின்பகுதியைச் சாலையின் வலது விளிம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, சந்திக்குள் வழக்கத்தை விடச் சற்று ஆழமாகப் போய், தாமதமாகத் திருப்புவதே முறை.

சரக்கு விடயத்தில் கனடிய விதி தெளிவாக இருக்கிறது. கட்டிய சரக்கைப் புறப்படுமுன் பார்க்க வேண்டும். முதல் 80 கிலோமீட்டருக்குள் மீண்டும் நிறுத்திப் பார்க்க வேண்டும். பிறகு 3 மணிநேரம் அல்லது 240 கிலோமீட்டர், இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது பார்க்க வேண்டும். இது ஏன் என்று கேட்பவர்கள் 2018 ஏப்ரல் 6 அன்று சஸ்கச்சுவான் மாகாணத்தில் நடந்ததை அறிந்திருக்க வேண்டும். ஹம்போல்ட் நகரத்து இளையோர் ஹொக்கி அணி சென்ற பேருந்தின் குறுக்கே, நிறுத்தக் குறியைக் கடந்து ஒரு ட்ரக் வந்தது. 16 பேர் இறந்தார்கள், 13 பேர் காயமடைந்தார்கள். ட்ரக்கை ஓட்டியவர் தொழிலுக்கு மிகவும் புதியவர். பின்னால் படபடத்துக்கொண்டிருந்த தார்ப்பாயின் மீது அவருடைய கவனம் போயிருந்ததால் சந்திக்கு முந்திய எச்சரிக்கைகளைத் தவறவிட்டார் என்பது நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அவருக்கு 8 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. பின்னால் ஏதோ படபடக்கிறது, ஏதோ தட்டுகிறது என்று தோன்றியபின் அதைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே ஓட்டுவதை விட ஆபத்தானது வேறெதுவும் இருக்க முடியாது. கவலை மனத்தில் ஏறிய கணமே, பாதுகாப்பான இடம் கிடைத்ததும் நிறுத்திவிடுவது என்று முடிவுசெய்து, அதுவரை கண்ணைச் சாலையில் வைத்திருங்கள்.

இறக்கங்களில் நேரும் தவறு பிரேக்கின் இயல்பை அறியாததால் வருவது. ஏர் பிரேக்கில் பெடலை மிதித்தபின் காற்று சில்லுகளைச் சென்றடைய ஏறத்தாழ அரை விநாடி ஆகிறது. 90 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் வண்டி 12 மீட்டர் ஓடிவிடும். இறக்கம் முழுதும் பெடலை அழுத்திக்கொண்டே போனால் பிரேக் ட்ரம் சூடேறி விரிகிறது. அப்போது ட்ரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூ அதை எட்ட இன்னும் தொலைவு நகர வேண்டியிருக்கிறது. ஒரு கட்டத்தில் பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. இறக்கம் தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு வந்து, வேகம் பாதுகாப்பான எல்லையைத் தொடும்போது உறுதியாக மிதித்து, அது மணிக்குச் சுமார் 8 கிலோமீட்டர் குறைந்ததும் காலை முற்றாக எடுத்துவிட வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் கோக்கிஹல்லா நெடுஞ்சாலை போன்ற மலைப்பாதைகளில் பிரேக் பரிசோதனைக்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே நிற்பதை ஒரு சடங்காக எண்ணி, கீழே இறங்காமலே கிளம்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

காருக்கான வழிகாட்டிக் கருவியை நம்பி ட்ரக்கை ஓட்டுவதும் பெரிய தவறு. அதற்குப் பாலத்தின் உயரம் தெரியாது. நியூயோர்க்கின் பார்க்வே சாலைகளில் ட்ரக்குகளுக்கே அனுமதியில்லை. அமெரிக்காவில் பாலங்களின் உயரம் அடியிலும் கனடாவில் மீட்டரிலும் எழுதப்பட்டிருப்பதால், உங்கள் ட்ரெய்லரின் உயரத்தை இரண்டு அளவிலும் எழுதிக் கண்ணுக்கு எதிரே ஒட்டி வையுங்கள். 13 அடி 6 அங்குலம் என்பது ஏறத்தாழ 4.11 மீட்டர்.

எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் எஞ்சின் பிரேக்கைக் குளிர்காலத்தில் வழுக்கும் சாலையில் போடுவது புதியவர்கள் அறியாமல் செய்யும் பிழை; ட்ராக்டரின் பின்சில்லுகள் பிடியிழந்தால், ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளி வண்டியையே மடக்கிவிடும். ஆனால் அதைவிடப் பெரிய பிழை, நிறுத்த வேண்டிய இரவில் நிறுத்தாமல் போவது. நெடுஞ்சாலை 11, 17 போன்ற வடக்குச் சாலைகளின் பல பகுதிகளில் எதிரே வரும் வண்டிக்கும் உங்களுக்கும் இடையே ஒரு கோடு மட்டுமே இருக்கிறது. மத்திய அரசின் விதிகள், கனடாவின் தெற்குப் பகுதியில், ஒரு நாளில் 13 மணிநேரம் ஓட்டலாம் என்று சொல்வது உச்சவரம்பு மட்டுமே. சோர்வினாலோ வேறு காரணத்தாலோ ஓட்டுவது மக்களின் பாதுகாப்புக்குக் கேடாகும் நிலையில், நிறுவனம் உங்களை ஓட்டச் சொல்லவும் கூடாது, நீங்கள் ஓட்டவும் கூடாது என்பதையும் அதே விதிகள் சொல்கின்றன. பயணங்களை ஒதுக்கும் டிஸ்பாச்சர் தொலைபேசியில் வற்புறுத்தினால் வாதாட வேண்டாம். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, சாலை எந்த நிலையில் இருந்ததால் நிறுத்தினீர்கள் என்பதை எழுத்துச் செய்தியாக அனுப்பி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு ஏன் தாமதமானது என்று மறுநாள் யாராவது கேட்டால், தொலைபேசியில் பேசியதற்குச் சாட்சி இருக்காது.